சாதாழை ஓரத்தில் வேலை

1

நீச்சல் தடாகத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, மார்க்கம் வீதியால் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். தலைமயிர் ஈரம். ஐந்து நிமிடத்தில் அது உறைந்து, தொட்டால் ஒடிந்துவிடும் போல் ஆகிவிட்டது. பஸ் தரிப்பில் நின்றிருக்கலாம். நின்றால் யோசிக்க வேண்டும். நடந்தால் நடப்பதிலேயே மனம் போய்விடும். என் வாழ்க்கையில் பல இடங்களை விட்டு நான் இப்படித்தான் வெளிக்கிட்டிருக்கிறேன்.

அன்று விட்டு வந்தது ஒரு பரீட்சையை. காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு முக்குளிப்பதற்கான சான்றிதழ்ப் பரீட்சை. இரண்டாம் தடவையும் பெயில். எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி, ஆழத்தில் சங்கு குளித்தவன் பன்னிரண்டு அடி நீலத் தொட்டியில் பெயில்.

காரணம் எளிது. சங்கு குளிக்கிறவன் மூச்சை அடக்குகிறவன். எவ்வளவு நேரம் அடக்குகிறானோ அவ்வளவு சங்கு. சிலிண்டர் கட்டியவனுக்கு முதல் சட்டமே மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பதுதான். அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்றுப் பருத்து நெஞ்சைக் கிழித்துவிடும். இந்தச் சட்டத்தை நான் வாயால் பிழையில்லாமல் ஒப்புவிப்பேன். ஆனால் தலை தண்ணீருக்குள் போனதும் உடம்பு தன் பழைய பழக்கத்துக்குப் போய்விடும். நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்ளும். முதுகில் ஒரு சிலிண்டர் நிறையக் காற்று இருக்கும். நான் அதில் ஒரு துளியும் தொடாமல் அடியில் சுகமாக உட்கார்ந்திருப்பேன்.

பரீட்சை வைத்த ஜூடி என்னைக் கரைக்கு இழுத்துவந்து கத்தினாள். என்னிடமிருந்து ஒன்றே முக்கால் நிமிடமாக ஒரு குமிழி வரவில்லையாம். தன்னுடைய தடாகத்தில் சாக வேண்டாமாம். ஒன்றே முக்கால் நிமிடம் என்று கேட்டபோது எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் வியாதி என்று பிறகு விளங்கிற்று.

"இன்னும் ஒரு தடவை தருவேன். மூன்று கிழமையில். அதோடு சரி," என்றாள்.

மூன்று கிழமையில் மாசி பிறந்துவிடும். மாசி முடிய, நான் வேலை செய்த படகின் சொந்தக்காரர் ரோய் அதை விற்றுவிடுவார்.

2

போன கிழமை அந்தத் தடாகத்தை இடிக்கப்போகிறார்கள் என்று என் மகள் துளசி சொன்னாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பனியைப் பற்றியும், குடிவரவு அலுவலகத்தில் நம்பர் துண்டோடு குந்தியிருப்பதைப் பற்றியும் ஊருக்கு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தொட்டியில் பெயிலானதைப் பற்றி ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். சங்கு குளித்தேன். பிறகு யுத்தத்தில் கரையை விட்டு எழும்ப வேண்டி வந்தது, எழும்பினோம். ரொறன்ரோவில் கோப்பை கழுவினேன், கோழி வெட்டினேன், சோபாவுக்குத் துணி அடித்தேன். ஒன்றும் ஒரு வருஷத்தைத் தாண்டவில்லை. கோழி வெட்டிய இடத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டு, கிழக்கே நோவா ஸ்கோஷியாக் கரையில் ஒரு படகுக்கு ஆள் தேவை என்று பஸ் ஏறினேன். ஒரு நாளுக்கு மேல் பயணம். இறங்கியபோது கடல் மணம் வந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை பசித்த மாதிரிப் பசித்தது.

படகுக்காரர் ரோய். அறுபது வயது. முப்பது வருஷம் கொட் மீன் பிடித்தவர். கொட், ஹடக் எல்லாம் கடலின் அடியோடு திரிகிற மீன்கள். அந்தக் கரையில் வீடு கட்டியதும் தேவாலயம் கட்டியதும் அந்த மீன்தான். அது அருகிப்போய், பிடிக்கக் கூடாது என்று அரசாங்கமும் மூடிவிட்டது. ரோய் வலையைக் கொட்டிலில் போட்டுவிட்டு, கடல் முள்ளெலி எடுக்கத் தொடங்கியிருந்தார். நான் அதை முள்ளுருண்டை என்றே சொல்லிப் பழகிவிட்டேன். கையளவு பச்சை உருண்டை, சுற்றிவர முள். உடைத்தால் உள்ளே ஐந்து சுளையாக மஞ்சள் சினை. ஜப்பான்காரர் அதை விரும்பி வாங்குவார்கள், சுளை கொழுத்திருந்தால்.

டேவ் என்ற இளைஞன் சிலிண்டரோடு இறங்கிப் பொறுக்குவான். நான் மேல்தட்டில் நின்று தரம் பிரிப்பேன். பத்தில் ஏழு வெறுமை. உடைத்தால் பழுப்புத் தண்ணீர். வாங்குகிறவன் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்தான். இன்னும் இரண்டு முறை இப்படி வந்தால் வேறு படகு பார்ப்பேன் என்றான்.

இரண்டு மாதம் நான் சும்மா தரம் பிரிக்கவில்லை, பார்த்தேன். சில உருண்டைகளின் முள்ளில் பழுப்பு இலைத் துண்டு ஒன்று குத்தியிருக்கும். அப்படி இலை பிடித்த உருண்டை எல்லாம் நிறைந்திருக்கும். இலை இல்லாதது வெறுமை. அந்த இலையை அவர்கள் கெல்ப் என்கிறார்கள். எங்கள் கரையில் ஒதுங்குகிற சாதாழை என்ற கடற்புல்லைப் போலத்தான், ஆனால் ஆளை விட நீளம், தோல் வார் மாதிரித் தடிப்பு.

ஒருநாள் ரோயிடம் சொன்னேன். ரோய் பேசுவது இங்கிலிஷ்தான். என் காதில் அது எங்கள் துறைமுகத்துத் தமிழாகவே விழும், அப்படியே எழுதுகிறேன்.

"டேவ் வெறும் கல்லிலை பொறுக்கிறான். உருண்டை அங்கை பட்டினி. சாதாழை இருக்கிற ஓரத்திலை இறக்குங்கோ."

"கண்டனியோ?"

"காணேல்லை. முள்ளிலை இலை இருக்கு."

"டேவ் கண்டவன். இலைக்குள்ள ஒண்டும் இல்லையாம்."

"டேவ் இலைக்குள்ள போறேல்லை. காலிலை சுத்தும் எண்டு பயம்."

"அப்ப நீ போவியோ?"

"இப்பவே போவன்."

"பேப்பர் இருக்கோ?"

பேப்பர் என்றால் முக்குளிப்புச் சான்றிதழ். என்னிடம் இல்லை.

"பேப்பர் இல்லாதவனைத் தண்ணிக்குள்ள விட்டால் என்ர லைசென்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள்," என்றார் ரோய். "டேவும் நத்தாரோட மேற்குப் பக்கம் எண்ணெய் வேலைக்குப் போறான். மாசி கடைசி மட்டும் பாப்பன். பேப்பரோட வந்தியெண்டால் உன்ர ஓரத்திலை இறக்கிறன். இல்லாட்டி இதை விக்கிறதுதான்."

கையால் சுக்கானில் இரண்டு தட்டுத் தட்டினார். மாட்டை விற்கப்போகிறவன் அதன் முதுகில் தட்டுகிற மாதிரி.

3

நத்தார்ப் பண்டிகைக்கு, ரொறன்ரோவில் எங்கள் வீடு இருக்கும் ஸ்காபரோவுக்குத் திரும்பினேன். முக்குளிப்புப் பரீட்சைக்கு விண்ணப்பம் கொடுக்கப் போன அலுவலகத்தில், கல்வித் தகைமை என்ன என்று ஒரு பெண் கேட்டாள். ஏழாம் வகுப்பு என்றேன். அனுபவம்? பதினொரு வருஷம் என்றேன். அதற்குக் கடிதம்? கடலிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்ல நினைத்து, என் இங்கிலிஷில் அது வேறு மாதிரி வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அனுபவம் என்ற கட்டத்தில் அவள் ஒரு கோடு இழுத்தாள்.

நான் இரண்டாம் தடவையும் பெயிலான செய்தி எங்கள் மாடிக் கட்டடத்தில் எனக்கு முன்னாலேயே லிஃப்டில் ஏறியிருந்தது. ஒன்பதாம் மாடிச் சிவா அதற்குள்ளே வைத்துக் கேட்டான்.

"என்ன அண்ணை, கடலிலை பாஸ், தொட்டியிலை பெயிலோ?"

"ஓம் தம்பி. தொட்டியிலை சங்கு இல்லை, அதுதான்."

"நீந்தத் தெரியாதெண்டால் சொல்லுங்கோ. என்ர சின்னவள் பழகிறாள், அவளின்ர காத்துப்பை இருக்கு, இரவல் தாறன்."

லிஃப்டில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன செய்வது, நல்ல பகிடி.

வீட்டில் ராணி சிரிக்கவில்லை. அவள் ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கும் வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"சோபாக் கொம்பனி திரும்பியும் போன் எடுத்தது. திங்கக்கிழமை வரட்டாம்."

"மூண்டு கிழமை பொறுக்கச் சொல்லும்."

"எதுக்கெண்டு சொல்லட்டோ? இவர் மூச்சு விடப் பழகிறார் எண்டோ?"

"ஓம். அப்படியே சொல்லும்."

"இஞ்சருங்கோ. எத்தினை வேலை மாறினீங்கள், நான் ஒண்டும் கேக்கேல்லை. இது மட்டும் கேக்கிறன். உது உங்களுக்கு உண்மையா வேணுமோ, இல்லாட்டிக் கால் சும்மா இருக்கேலாமலோ?"

நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னேன். எங்கள் கரைக்கு முன்னால் இருந்த சாதாழைப் பற்றையை இழுவைப் படகுகள் உழுதுகொண்டு போனபோது, ஓரா மீன் முதலில் போனது, பிறகு கணவாய், பிறகு விளைமீன். ஒவ்வொரு வருஷமும் ஒன்று. நான் அடியில் நின்று அதைப் பார்த்தவன். மேலே வந்து சொன்னேன். நீ சங்கை எடு, மீன் கதை எதற்கு என்றார்கள். இங்கேயும் அதே கதை, வேறு வழியால் வந்திருக்கிறது. பெரிய கப்பல்கள் பெரிய மீனை வாரின. பெரிய மீன் தின்றுகொண்டிருந்த முள்ளுருண்டை பெருகிற்று. அது சாதாழையை வேரோடு மேய்ந்தது. இனிக் கொட் குஞ்சு ஒன்று பிறந்தாலும் ஒளிக்க வீடு இல்லை. இதுதான் முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், படித்தவர்கள் பத்துக் காரணம் சொல்வார்கள். ஆனால் இந்தத் தடவை நான் சொல்வதை ஒருவன் கேட்கத் தயாராக இருக்கிறான். ஒரு பேப்பர்தான் குறுக்கே நிற்கிறது.

ராணி சப்பாத்தைக் கழற்றினாள்.

"சரி. திரும்பி வாற தேதியைச் சொல்லிப்போட்டுப் போங்கோ," என்றாள்.

4

வழி கண்டுபிடித்தது துளசி.

அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. காதில் எப்போதும் பாட்டு. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலிஷில் பதில் சொல்வாள், அதுவும் ஒரு சொல்லில். மீன் மணம் பிடிக்காது. சிநேகிதிகள் வந்தால் என் ஜக்கெட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிடுவாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. பிள்ளை தண்ணீரின் போக்கில் போகிறது, நான் வேறு தண்ணீர் என்று விட்டிருந்தேன்.

பரீட்சைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, திஸ் இஸ் சோ ஈஸி. நீங்க மூச்சு விட மறக்கிறீங்க. அவ்வளவுதானே?"

"மறக்கேல்லை. உடம்பு விடுதில்லை."

"தென் ட்ரெயின் த பொடி."

குளியல் தொட்டியை நிரப்பினாள். தன் பள்ளிக்கூட நீச்சல் வகுப்புச் சுவாசக் குழாயை என் வாயில் வைத்தாள். முகம் கவிழத் தண்ணீருக்குள் படுக்க வேண்டும். வாயால் இழுத்து மூக்கால் விட வேண்டும். மூக்கால் விட்டால் குமிழி வரும். அவள் தொட்டி விளிம்பில் கணக்குக் கொப்பியோடு இருப்பாள், கையில் ஒரு கரண்டி. குமிழி நின்றால் கரண்டியால் தொட்டியில் அடிப்பாள்.

முதல் நாள் அடித்த அடியில் எனாமல் உதிர்ந்தது. டங். டங். டங். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் மண்டைக்குள்ளேயே அடிக்கிற மாதிரி இருக்கும்.

"அப்பா! யூ ஆர் டெட்!"

"நல்லாத்தானே இருந்தன்."

"நோ. ஃபோர்டி செக்கன்ட்ஸ் நோ பபிள்ஸ். நீங்க செத்திட்டீங்க. திரும்பப் படுங்கோ."

ஒவ்வொரு பின்னேரமும் இது நடந்தது. ராணி கதவைத் தட்டி, "செத்தவர் சாப்பிட வருவாரோ?" என்று கேட்பாள். நடுவில் துளசி ஆழக் கணக்கு, நேரக் கணக்கு எல்லாவற்றையும் சின்னச் சின்ன அட்டையில் எழுதிக் கேட்டாள். தமிழ்ச் சொல் வராவிட்டால் எரிச்சல்பட்டு, கையால் காட்டி, பிறகு என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். வருஷக்கணக்கில் நாங்கள் இருவரும் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான், பாதி நேரம் என் வாய் குழாயைக் கடித்துக்கொண்டிருந்தாலும்.

இரண்டாம் கிழமையின் முடிவில் ஒருநாள் கரண்டிச் சத்தம் வரவேயில்லை. பிள்ளை எழும்பிப் போய்விட்டது என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன். அங்கேயே இருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடக் கணக்கு முழுவதும் முடிந்திருந்தது.

"ஹாஃப் அன் அவர்," என்றாள். "அப்பா, நான் ஒருக்காக்கூட அடிக்கேல்லை."

5

மூன்றாம் தடவை ஜூடி தானும் ஒரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே அடியில் வந்து உட்கார்ந்தாள். என்னை நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். தண்ணீர் காதை மூடியதும் நெஞ்சு பழையபடி பூட்டப் பார்த்தது. உடனே மண்டைக்குள் ஒரு கரண்டி விழுந்தது. டங். விட்டேன். குமிழி மேலே போனது. இன்னொன்று. பிறகு கேட்க வேண்டி இருக்கவில்லை. என் முகமூடியைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். வாயிலிருந்து குழாயைப் பிடுங்கி எறிந்தாள், தேடி எடுத்தேன். அந்த நேரம் முழுக்க உதட்டோரம் சின்னக் குமிழி போய்க்கொண்டே இருந்தது.

மேலே வந்ததும் கையெழுத்துப் போட்டாள். "இந்தத் தடவை கெட்டில் கொதிக்கிற மாதிரி இருந்தாய்," என்றாள்.

எழுத்துப் பரீட்சையில் இரண்டு மட்டும் பிழை.

லிஃப்டில் சிவாவைப் பிடித்தேன். தொட்டிப் பரீட்சை பாஸ் என்ற பேப்பரை அவன் மூக்குக்கு முன்னால் பிடித்தேன். அவன் முழுவதையும் வாசித்தான்.

"அண்ணை," என்றான், "காத்துப்பை வேண்டாமோ அப்ப?"

சான்றிதழுக்கு மிஞ்சியிருந்த கடல் பரீட்சையைக் கிழக்குக் கரையிலே எடுத்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடலில் எனக்குப் பரீட்சை வைக்கிறவனைப் பார்த்து நான்தான் பாவப்பட வேண்டும்.

6

துறையில் ரோயின் படகு நின்றது. முன் கண்ணாடியில் விற்பனைக்கு என்று ஒரு அட்டை. ரோய் என் பேப்பரை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்தார். பின் பக்கம் வெறுமை, அதையும் பார்த்தார். அட்டையைக் கழற்றவில்லை.

"ஒரு நாள் தாறன்," என்றார். "காட்டு."

மாசிக் கடல். முக்குளிப்பு உடுப்புக்குள் தண்ணீர் வராது. ஆனாலும் முதலில் மேலுதடு விறைத்துப்போகும், பிறகு விரல் நுனி. அதைச் சொல்லி ஆவதொன்றுமில்லை, குளிர்தான். இறங்கினேன். முதலில் கண்டது டேவின் கல். இளஞ்சிவப்பாக, வழித்தெடுத்த பாறை. ஒரு இலை இல்லை, ஒரு மீன் இல்லை. முள்ளுருண்டைகள் மட்டும், தின்ன ஒன்றுமில்லாமல், ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொண்டு. யுத்தம் முடிந்த தெரு மாதிரி அமைதி.

காசு கிடைக்கிற இடம் அது என்று டேவ் நினைத்ததில் பிழையில்லை, எண்ணிக்கை அங்கேதான். நான் அதைக் கடந்து, அலை இழுக்கும் பக்கமாக நீந்தினேன். முதலில் வெளிச்சம் பழுப்பாக மாறிற்று. பிறகு இலை தெரிந்தது. ஆளுக்கு மேல் உயரம், நூற்றுக்கணக்கில், அலை வரும்போது எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, போகும்போது நிமிர்ந்தன. அதன் விளிம்பில், தேர் இழுக்க முண்டியடிக்கிற சனத்தைப் போல, முள்ளுருண்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி இலையைத் தின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முள்ளிலும் இலைத் துண்டு.

பையை நிரப்பினேன். நிரப்பும்போது ஒரு இலை என் கையை ஒதுக்குகிற மாதிரி விலகியது. அதற்குப் பின்னால் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன். அசையாமல் என்னையே பார்த்தது. கீழ்த்தாடையில் ஒற்றை மயிர்த் தாடி. ரோயின் சுக்கான் அறையில் மாட்டியிருந்த படத்தில் கொட் மீனுக்கு இருக்கிற அதே தாடி. இலையை இன்னும் கொஞ்சம் விலக்கினேன். இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னும். நெஞ்சு பூட்டப் பார்த்தது. பயத்தால் இல்லை. எங்கேயோ கரண்டி விழுந்தது. விட்டேன்.

மேலே வந்ததும் ரோய் பையிலிருந்து ஐந்தை எடுத்து வரிசையாக உடைத்தார். ஐந்தும் பூசணிப்பூ நிறம், ஓடு முட்ட நிறைந்து. ஆறாவதையும் உடைத்தார். விரலால் வழித்து வாயில் போட்டுச் சுவைத்தார். ஏழாவதை எடுத்தார்.

"விக்கிறதுக்கும் கொஞ்சம் விடுங்கோ," என்றேன்.

"சரி சரி. நீ சொன்னது சரி." அதைச் சொல்ல அவருக்கு ஏழு உருண்டை தேவைப்பட்டது.

"இன்னொண்டும் இருக்கு," என்றேன். "இலைக்குள்ளை கொட் குஞ்சு நிக்குது."

அவர் கையிலிருந்த கத்தியை வைத்தார்.

"பொலக் மீனா இருக்கும்."

"தாடி இருக்கு."

"கண்டனியோ?"

"கண்டன்." இந்தத் தடவை அந்தச் சொல்லைச் சொல்ல எனக்குப் பேப்பர் இருந்தது.

"எத்தினை?"

"எண்ணேல்லை. நிறைய."

ரோய் பக்கத்து வாளியில் போய்க் குந்தினார். தொப்பியைக் கழற்றினார். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையளவுக்குச் சின்னக் கொட் மீனைத் தன் கண்ணால் கண்டு எத்தனையோ வருஷம் என்றார். அது தன் காலத்தில் வளர்ந்து வலைக்கு வரும் என்ற நினைப்பு தனக்கில்லை என்றார். பிறகு எழும்பிப் போய், முன் கண்ணாடியில் இருந்த அட்டையைக் கழற்றி, மறுபக்கத்தில் பென்சிலால் உருண்டை வாங்குகிறவனின் டெலிபோன் நம்பரை எழுதிக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு எங்கை இறங்குவம்?" என்று கேட்டார். முப்பது வருஷம் கடலில் திரிந்தவர் என்னிடம் கேட்டார்.

"விளிம்பிலை. ஆனால் இலையை ஒருத்தரும் வெட்டக் கூடாது. இலைக்குக் கிட்ட நிக்கிற உருண்டையை முதல் எடுப்பன், பிறகு வெளியாலை போவன். இடம் கிடைச்சால் சாதாழை முன்னுக்கு வரும். குளிர் காலத்திலைதான் அது வளருது, பாத்தனான்."

"அப்ப அடுத்த வருஷம் விளிம்பு எங்கை நிக்கும்?"

"இன்னும் கொஞ்சம் இஞ்சாலை."

அன்று பின்னேரம் துறையில் இருந்த டெலிபோனில் ஸ்காபரோவுக்கு எடுத்தேன். துளசிதான் எடுத்தாள். சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ ஒன்றை ஒரு தட்டுத் தட்டினாள். டங்.

"மூச்சு விடுறன்," என்றேன்.

"ஜஸ்ட் செக்கிங்," என்றாள். பிறகு, "அம்மா தேதி கேக்கிறா," என்றாள். பங்குனி கடைசி ஞாயிறு என்றேன். அந்த ஞாயிறே போய்ச் சேர்ந்தேன். ஆனால் அது பிறகு.

மறுநாள் காலை ஐந்தரைக்கு ரோய் படகின் நாள் கொப்பியை விரித்தார். முக்குளிப்பவர் என்ற இடத்தில் டேவின் பெயரைக் கோடிழுத்து வெட்டி, என் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். இரண்டு தரம் பிழை விட்டு, மூன்றாம் தரம் சரியாக எழுதினார். அன்று நான் எடுத்த வேலை இதுதான்: சாதாழையின் ஓரத்தில் முட்டுக்காலில் நின்று, அதைத் தின்னுகிற முள்ளுருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இலைக்கு முன்னால் ஒரு முழம் வெறும் கல்லை விட்டுக்கொண்டு போவது. குமிழி விட்டபடி இறங்கினேன்.